கேள்வி கேட்காத அறை

கோர்ட்டு வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவளுக்கு ஸ்டாண்டக்கா என்றுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அது குத்தகைப் பத்திரத்தில் தூங்குகிறது. நீதிபதியின் டிரைவருக்கும் அவள் ஸ்டாண்டக்கா, கைவிலங்கோடு வேனிலிருந்து இறங்குகிறவனுக்கும் ஸ்டாண்டக்கா. உடம்பு ஒரு பிடிதான். குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். வரிசை மாற்றி வண்டியை நிறுத்துகிறவன் பெரிய வக்கீலாக இருந்தாலும் சரி, "சார், உள்ள போய்ச் சட்டம் பேசுங்க, இங்க கோடு பேசும்" என்று தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் காட்டுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே தள்ளி நிறுத்துவார்கள். அவளோடு வாய் கொடுத்து மீண்டவன் அந்த வளாகத்தில் கிடையாது.

அந்த வாய்க்கு ஒருநாள் பூட்டு விழுந்தது. அங்கிருந்துதான் கதையைத் தொடங்க வேண்டும்.

அவளுக்கு ஒரு தம்பி. வெல்டிங் பட்டறையில் வேலை. யார் முதலில் வந்தது என்பதுபோல ஒரு உப்புச்சப்பில்லாத தகராறில், டீக்கடை வாசலில் அவனை ஒருத்தன் குத்திப் போட்டுவிட்டான். குத்தினவனை அன்றைக்கே பிடித்தார்கள். வீட்டில் எல்லோரும் அழுதார்கள், அடக்கம் செய்தார்கள், பிறகு சட்டம் தன் கடமையைச் செய்யும் என்று யாரோ சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் அதன் கடமையைச் செய்துகொண்டுதான் இருந்தது. இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலையில் ஸ்டாண்டில் கூட்டம். ஒருத்தன் வண்டியைச் சரியாகக் கோட்டுக்குள் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினான். இவள் டோக்கனைக் கொடுத்தாள். "அக்கா, ஹெல்மெட்டையும் வச்சுக்கோங்க" என்றான். வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள். தம்பியைக் குத்தினவன். அவன் இவளைப் பார்க்கக்கூட இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறிப் போனான்.

வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"ஜாமீன் குடுத்து ரொம்ப நாளாச்சேம்மா."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே சார்?"

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? கேசு அரசாங்கத்துக்கும் அவனுக்கும். நீங்க யாரு?"

"செத்தவனோட அக்கா."

"அதான் கேக்குறேன், நீங்க யாரு?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அந்தக் கட்டிடத்தில் நீதிபதிக்கு நாற்காலி உண்டு, வக்கீலுக்கு மேசை உண்டு, குற்றவாளிக்குக்கூட நிற்க ஒரு கூண்டு உண்டு. செத்தவனுக்கும் அடிபட்டவளுக்கும்தான் இடம் இல்லை. அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பியின் வழக்கிலும் அப்படித்தான் ஆனது. சாட்சி சரியில்லை என்று குத்தினவன் விடுதலை ஆன செய்தியை, டீ கொண்டுவந்தவன் இவளுக்குச் சொன்னான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அதையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. போகிற போக்கில் பாய்ச்சிவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச காலம் அவள் யாரிடமும் பேசவில்லை. வண்டி வந்தால் டோக்கன், வண்டி போனால் டோக்கன். பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் அவள் வீட்டுக்காரர் பயந்தே போனார். "ஏதாவது திட்டேன்டி, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்று கெஞ்சினாராம். வாய் மறுபடி திறந்தபோது அது வேறு வேலைக்குத் திறந்தது.

ஸ்டாண்டில் நிற்கிறவளுக்கு யார் அழுதுகொண்டு வருகிறார்கள், யார் யாரைப் பார்த்து ஒதுங்குகிறார்கள் என்பது தெரியும். அப்படி வந்த ஒரு பெண்ணைத்தான் முதலில் நிறுத்தினாள். "ஏம்மா, உன்னை அடிச்சவனுக்கு ஜாமீன் கேட்டா, குடுக்காதீங்கன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு, தெரியுமா?" அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. இவளுக்கும் பாதிதான் தெரியும். பாதி தெரிந்ததை முழுசாகச் சொல்லி ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டாள். அதன்பிறகு ஸ்கூட்டி நிறுத்துகிற ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, சாவி தேடுகிற நேரமெல்லாம் கேள்வி கேட்டே கற்றுக்கொண்டாள். புகாரின் நகல் காசில்லாமல் கிடைக்கும். வழக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். சாட்சி சொல்லும்போது எதிரியின் முகம் தெரியாமல் திரை போடச் சொல்லலாம். நஷ்டஈடு கேட்கலாம். இதெல்லாம் புத்தகத்தில் எப்போதோ எழுதி வைத்ததுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் கிடந்தது, இவள் எடுத்து நறுக்கினாள்.

மகளிர் குழுக்கள், மில் வாசல், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போவாள். மைக் வேண்டாம் என்பாள், அவசியமும் இல்லை. "திருடு போனா போலீசுக்குப் போறீங்க. அடிபட்டா மட்டும் ஏன் பாத்ரூமுக்குப் போய் அழறீங்க?" என்று கேட்பாள். கூட்டம் சிரிக்கும். சிரித்து முடித்தவர்களில் ஒருத்தியாவது மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டியே இல்லாமல், வரிசையில் நிற்பாள். அவளோடு காவல் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவள் நடப்பாள். வீட்டுக்காரர் புலம்புவார். "ஊரார் சாட்சிக்கெல்லாம் துணைக்குப் போறா. நான் சாப்பிட்டேனான்னு கேக்க ஒரு நாதியில்லை." புலம்பிக்கொண்டே பஞ்சர், ஸ்டாண்ட் என்று இரண்டு வேலையையும் பார்ப்பார்.

ஆனால் கோர்ட்டுக்குள்ளே அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம் அந்தத் தாழ்வாரத்து பெஞ்சு. இருப்பது ஒரே பெஞ்சு. பேர் கூப்பிடுகிற வரைக்கும் அடித்தவனும் அடிபட்டவளும் அதில்தான் உட்கார வேண்டும். அவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவான், இவள் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்காருவாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் "என்ன கேசும்மா?" என்பான். போலீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்த கேள்வி அது. எழுதுகிறவர் கேட்பார், துப்பாக்கியோடு நிற்கிறவர் கேட்பார், செல்போன் தொலைந்தது என்று புகார் கொடுக்க வந்தவன்கூடக் கேட்பான். சொன்னதையே சொல்லிச் சொல்லி, கூண்டில் ஏறும்போது சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த பெஞ்சிலேயே எத்தனையோ வழக்குகள் செத்துப்போயின.

ஒரு சின்னப் பிள்ளை சாட்சி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனைப் பார்த்துப் பயந்து பெஞ்சை நனைத்துவிட்டது. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த நீதிபதியம்மா அதைக் கண்ணால் பார்த்தார். ஸ்டாண்டக்கா விடுவாளா? மனு மேல் மனு போட்டு, கல்லில் நார் உரித்து, உடைந்த மின்விசிறிகளும் பிடிபட்ட சைக்கிள்களும் அடைந்து கிடந்த ஓர் அறையை வாங்கிவிட்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கழுவினார்கள். உள்ளே தாழ்ப்பாள் அவளே வாங்கிப் போட்டது. ஒரு மேசை, சில நாற்காலிகள், ஓடுகிற ஒரு மின்விசிறி, தண்ணீர்க் குடம், ஜன்னலுக்குத் திரை. வெளியே பலகை எழுதும்போது பெயிண்டரின் பக்கத்திலேயே நின்றாள். 'அடிபட்டவர்களும் சாட்சிகளும் உட்காரும் அறை. உள்ளே வருகிற யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது.'

"அக்கா, இது என்ன ரூலு? யாருன்னு கேக்காம எப்படி?" என்றார் தலைமை எழுத்தர்.

"கேட்டுக் கேட்டுத்தானே சார் கொன்னீங்க. ஒரு எடத்துலயாவது கேக்காம இருங்க."

திறப்பு விழாவில் பெரியவர்கள் ரிப்பன் வெட்டினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நம் கண்கள் என்று ஒருவர் பேசினார். கண்ணுக்கு இத்தனை காலம் எங்கே இடம் இருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஸ்டாண்டக்காவுக்கு அன்றைக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தம்பி செத்த பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த அறையை நம்பி வந்தவர்களில் ஒருத்தி மருந்துக்கடைப் பெண். மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள், அதனால் அந்தப் பெயர். சின்ன வயது. கட்டினவன் ஏ.சி. மெக்கானிக். சட்டையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று, சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியை அவள் காதோடு சேர்த்து வைத்து அழுத்தியிருக்கிறான். ஒரு பக்கக் காது சுருங்கி மூடிக்கொண்டது. கழுத்து வரைக்கும் தோல் வெந்து இழுத்துக்கொண்டது. அவளுக்குப் பெற்றவர்கள் இல்லை. "எங்க அத்தைதான்க்கா என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. டாக்டர்கிட்ட எம்பையன்தான் பண்ணினான்னு அவங்க வாயாலயே சொன்னாங்க" என்று அந்தப் பெண் அடிக்கடி சொல்வாள். மாமியார் என்கிற வார்த்தையே அவள் வாயில் வராது. அத்தை, அத்தைதான்.

அவளுக்காக ஸ்டாண்டக்கா பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஹாஸ்டலில் இடம் பிடித்தாள். அவனுக்கு ஜாமீன் கிடைத்தபோது, அவன் இந்தப் பெண் இருக்கிற திசையிலேயே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்கிற மாதிரி ஓர் உத்தரவு வாங்கினாள். பெண்ணின் பெயர் போட்டு, ஹாஸ்டல் விலாசம் போட்டு, கடை விலாசம் போட்டு, அழகான உத்தரவு. அதைப் படித்துக் காட்டியபோது அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது.

இந்த வழக்கு நின்றுவிடும் என்று எல்லோருமே நம்பினார்கள். டாக்டர் சாட்சி சொல்லியாயிற்று. இனி அந்தப் பெண் கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அவன் உள்ளே போவான், இவள் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்வாள். மருந்துக்கடை முதலாளி, மருந்தாளர் படிப்புக்கு அனுப்புவதாகக்கூடச் சொல்லியிருந்தார். ஸ்டாண்டக்கா அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. "புரியலைன்னா திரும்பக் கேக்கச் சொல்லு. தண்ணி வேணும்னா தண்ணி கேளு. அவன் முகம் தெரியாது, நடுவுல திரை இருக்கும். நீ நீதிபதியம்மாவை மட்டும் பாரு." அவ்வளவுதான் பாடம்.

"கூப்பிடுற வரைக்கும் எங்கக்கா இருப்பேன்?"

"நம்ம ரூம்ல. தாழ்ப்பாள் போட்டுக்க. ஈ காக்கா உள்ள வராது. நான் பொறுப்பு."

சாட்சி சொல்லும் நாள் வந்தது. மாமியாரும் அரசுத் தரப்புச் சாட்சிதான், ஆனால் அந்த அம்மாளை அடுத்த வாய்தாவுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் பொய்யில்லை. இடையில் நீதிபதியம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று எல்லாச் சாட்சிகளுக்கும் ஒரே நாளில் சம்மன் போய்விட்டது. நல்ல எண்ணத்தில்தான். இந்தக் கதையில் கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருத்தன்தான், மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து அவனுக்கு உதவியதுதான் வயிற்றெரிச்சல். ஸ்டாண்டக்காவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அந்தக் கட்டிடத்துக்கு நல்ல பழக்கம் இருந்தது.

காலையில் பெண்ணை அறைக்குள் விட்டு, தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் ஸ்டாண்டக்கா திரும்பி வந்தாள். வீட்டுக்காரர் டியூப் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வண்டிகள் வந்து குவிந்தன. அப்போது பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு வயதான அம்மாள் காலை இழுத்து இழுத்து வந்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. கொளுத்துகிற வெயிலில் மேலெல்லாம் சால்வையைச் சுற்றியிருந்தாள். காய்ச்சல்காரி போலிருக்கிறது என்று ஸ்டாண்டக்கா நினைத்தாள். கையில் இருந்த சம்மன் காகிதத்தை நீட்டினாள்.

"சாட்சிக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா. எங்க போய் உக்காரணும்னு தெரியல."

ஸ்டாண்டக்காவுக்கு மனம் இளகிவிட்டது. எந்தச் சாட்சி, யாருக்குச் சாட்சி என்று வாய் வரைக்கும் வந்தது. பலகை எழுதினவளே கேட்கலாமா? கேட்கவில்லை.

"வாங்கம்மா, உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு ரூம் இருக்கு. அடிபட்டவங்களும் சாட்சிகளும் உக்கார்ற எடம். ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"நெசமாவா? எதுவும் கேக்க மாட்டாங்களா?"

"நான் வச்ச சட்டம்மா அது."

கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். கதவைத் தட்டி, "கண்ணு, நான்தான். கால் முடியாத ஒரு பெரியம்மா. உன்கூட உக்காரட்டும்" என்றாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குள் ஸ்டாண்டில் நாலைந்து ஹாரன் ஒன்றாக அலறியது. யாரோ குறுக்கே வண்டியை விட்டிருக்கிறான். "வந்துட்டேன்டா, உசிரை வாங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கதவு திறந்ததையும், திறந்தவள் முகம் மாறியதையும் அவள் பார்க்கவில்லை. மறுபடி தாழ்ப்பாள் விழுந்ததை மட்டும் தாழ்வாரத்துக் கோடியில் இருந்து கேட்டாள். கேட்டு நிம்மதிகூடப் பட்டாள்.

பெஞ்சில் நடந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். வாசலில் பேர் கூப்பிடுகிற டவாலி அதட்டியிருப்பார், வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் ஓடிவந்து சொல்லியிருப்பார், ஸ்டாண்டக்கா பறந்து வந்திருப்பாள். இது அவளே கழுவி, அவளே தாழ்ப்பாள் போட்ட அறை. யாரும் தட்டவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்றால், அந்தப் பூதத்தை இவளே கைப்பிடித்து நடத்திக்கொண்டு போய் உள்ளே விட்டாள்.

வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் ஸ்டாண்டை அவரிடம் விட்டுவிட்டு கோர்ட் ஹாலுக்குப் போனாள். டவாலி பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார். பெண் வந்தாள். கண் சிவந்திருந்தது. பயத்தில் அழுதிருக்கிறாள் என்று நினைத்து, ஸ்டாண்டக்கா பின்வரிசையில் இருந்து நெஞ்சைத் தட்டிக் காட்டினாள், தைரியமாக இரு என்று. பெண் பார்க்கவில்லை. திரை போட்டிருந்தது. எல்லாம் சட்டப்படி, முறைப்படி, ஒரு குறை இல்லாமல் இருந்தது.

அரசு வக்கீல் மெதுவாகவே கேட்டார். "அன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?"

"நான் சட்டை தேச்சுக்கிட்டு இருந்தேன். கால் தடுக்கி விழுந்துட்டேன். பெட்டி என் மேல விழுந்துருச்சு."

அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். தப்பான வழக்குக் கட்டை எடுத்துவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே கால், அதே தடுக்கல். பிறழ்சாட்சி என்று அவர் எழுதச் சொன்னார். நீதிபதியம்மா மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"உன்னை யாராவது மிரட்டினாங்களா? பயப்படாம சொல்லு."

"இல்லைங்கம்மா. யாரும் மிரட்டல. என்கிட்ட யாரும் கோபமாக்கூடப் பேசல."

உண்மையைத்தான் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கூண்டில் அவள் சொன்ன ஒரே உண்மை அது. அடுத்துக் கூப்பிட்டபோது, சால்வை போர்த்திய அந்த அம்மாள் காலை இழுத்துக்கொண்டு கூண்டில் ஏறினாள். எதிரிக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். "பெத்தவ" என்றாள். தான் கொல்லையில் இருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். ஸ்டாண்டக்கா எழுந்து வெளியே வந்தாள்.

வெளியே அரசு வக்கீல் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அக்கா, உங்க ரூம் நல்லா வேலை செய்யுது." அவர் கேலி செய்தாரா, வயிறெரிந்து சொன்னாரா என்று தெரியவில்லை. அவருக்கு அடுத்த ஹாலில் இன்னொரு வழக்கு இருந்தது. போய்விட்டார்.

அந்த அம்மாள் தாழ்வாரத்துப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெண் முகம் கழுவப் போயிருந்தாள். ஸ்டாண்டக்கா நேரே போய் எதிரில் நின்றாள். நிற்கிற வேகத்தில் அடித்துவிடுவாளோ என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

"நீங்கள்லாம் மனுஷிதானா? அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க நீங்கதானே? இப்ப அவளை மறுபடி அந்த நெருப்புலயே தள்ளிட்டீங்களே! புள்ளைப் பாசம் கண்ணை மறைச்சிருச்சா? உங்களைப் பார்த்துப் பாவப்பட்டு உள்ள உக்கார வச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. தலைநிமிர்ந்து, உண்மையாகவே நன்றியோடு பார்த்தாள்.

"நீ நல்லா இருப்பம்மா. நீதான் சொன்ன, அடிபட்டவங்க உக்கார்ற எடம்னு. அதனாலதான் நான் தைரியமா உள்ள போனேன்."

சால்வையை விலக்கினாள். தோளில் இருந்து முழங்கை வரைக்கும் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பதிந்த தழும்புகள். சிலது காய்ந்து கறுத்திருந்தது. ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது.

"அவ போனதுல இருந்து எனக்குத்தான். டாக்டர்கிட்ட உள்ளதைச் சொன்னேன்ல, அதுக்கு. உள்ள வச்சு இதைத்தான் அவளுக்குக் காட்டினேன். சத்தியமா வேற ஒண்ணும் பேசலம்மா. அவ என்னைக் கட்டிக்கிட்டு அழுதா."

இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய், ஸ்டாண்டக்காவைக் கேட்காமலே ஆரம்பித்தது. "அம்மா, நீங்களும் புகார் குடுக்கலாம். உங்களுக்கும் உரிமை..."

"இருக்கட்டும்மா. இருக்கும். அதை வச்சுக்கிட்டு ராத்திரிக்கு நான் எங்க போய்ப் படுக்கிறது?"

ஹாஸ்டலில் முப்பது வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். ஸ்டாண்டக்காவுக்கு அது தெரியும். அவளே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

மருந்துக்கடைப் பெண் ஈர முகத்தோடு வந்தாள். ஸ்டாண்டக்காவின் கையைப் பிடித்தாள். "என்மேல கோபப்படாதீங்கக்கா. நீங்க எனக்கு ஒரு கொறையும் வைக்கல. ஆனா நீங்க வாங்கிக் குடுத்த உத்தரவுல என் பேரு மட்டும்தானே இருந்துச்சு? நான் ஹாஸ்டல்ல தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினேன். அவன் வீட்டுல இருந்தது இவங்கதானே? நான் உள்ளதைச் சொன்னா, தீர்ப்பு வர்ற வரைக்கும் அதையும் இவங்கதானே வாங்கணும், அதான் நானும் கூடப் போறேன்."

"அதுக்காக நீ போய்ச் சாகப் போறியா? பைத்தியமாடி நீ?" ஸ்டாண்டக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்குப் படிப்பு இருக்கு. வாழ்க்கை இருக்கு."

"எனக்கு அம்மா இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். பிறகு ஸ்டாண்டக்காவைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, ஒரு பக்கத்து உதட்டால் சிரிக்கப் பார்த்தாள். "இனிமே ரெண்டு பேர் இருக்கோம்ல. ஆளுக்குப் பாதிதான் விழும்."

மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். சால்வையைச் சரியாகப் போர்த்திவிட்டாள். இருவரும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார்கள். வாசலில் அவன் ஹாரன் அடித்தான். கால் முடியாத அந்த அம்மாள்கூட ஓடினாள்.